கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்குகை!
‘எக்கோ’வை அடக்கும் வித்தை

ஆடி மாதம்.

விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் வரை போய்ப் பாருங்கள். வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் அம்மன் கோவிலில் கூழ் வார்ப்பார்கள். வாசலில் வேப்பிலைத் தோரணம். தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய். அதில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல்.

அப்படி ஒரு ஊர், அப்படி ஒரு இரவு என்று வைத்துக் கொள்ளுங்கள். மேடையில் மெல்லிசைக் கச்சேரி. கூட்டம் நெரிகிறது.

திடீரென்று பாட்டு நின்றது. ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடை ஏறி மைக்கைப் பிடித்தார்.

"பச்சைச் சட்டை போட்ட அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் மேடைகிட்ட அழுதுகிட்டு நிக்கிறான். அவன் பேரு..."

பெயரைச் சொன்னார். ஆனால் யார் காதிலும் பெயர் விழவில்லை. "ன்... ன்... ன்..." என்ற முழக்கம்தான் கேட்டது. கூட்டத்தின் மறு கோடியில் பிள்ளையைத் தேடிக் கொண்டிருந்த தாய், அப்படியே நின்றுவிட்டாள். சொன்னது தன் பிள்ளையின் பெயர்தானா? அவளுக்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது?

பாடகர் கச்சேரி தொடங்கும்போதே, "அண்ணே, எக்கோ கொஞ்சம் ஏத்துங்க" என்று கேட்டிருந்தார். மைக் செட் முதலாளியும் ஏற்றி வைத்தார். பாட்டு தேனாக ஒலித்தது. அறிவிப்பு வந்தபோது அதைக் குறைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை!

கூட இருந்த உதவிப் பையன் பதறிப்போய்க் குமிழை ஒரே திருப்பாகத் திருப்பினான். ‘பட்!’ என்று ஒரு வெடிச் சத்தம். முன் வரிசைக் குழந்தைகள் வீரிட்டு அழுதன.

"மெதுவாடா தம்பி!" என்றார் முதலாளி.

அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பெரிய விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது.

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு

மலை எதிரே நின்று "ஓ" என்று கத்தினால், சற்றுப் பொறுத்து "ஓ" என்று திரும்பி வருகிறது. அது எதிரொலி. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். எதிரே உள்ள சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால், போன ஒலி திரும்பி வரப் பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். அப்போது நம் காது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடும்.

சுவர் பக்கத்திலேயே இருந்தால்? நாலு பக்கமும் சுவர், மேலே கூரை, கீழே கல் தரை என்றால்? ஒலி இங்கே மோதி அங்கே போகிறது. அங்கே மோதி இங்கே வருகிறது. ஆயிரம் எதிரொலிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே முழக்கமாகக் குழைந்துவிடுகின்றன. இதுதான் எதிர்முழக்கம். மைக் செட்காரர்கள் இரண்டையும் சேர்த்து ‘எக்கோ’ என்றே சொல்கிறார்கள். வெளியூரில் ‘ரிவெர்ப்’ என்றும் சொல்வதுண்டு.

இதைக் காதால் கேட்க வேண்டுமா? வெகு தூரம் போக வேண்டாம். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மண்டகப்பட்டு இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோவில். குடைவித்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்க காலம் அது. பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் எடுத்த கோவில் இது என்று அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது.

எல்லாமே பாறை! ஒலியின் கண்ணோடு பார்த்தால் இதற்கு ஒரு பொருள் உண்டு. துணி ஒலியைக் குடிக்கும். பாய் குடிக்கும். மனித உடம்பு குடிக்கும். கருங்கல் குடிக்காது. தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை மட்டுமே விழுங்கிவிட்டு, மீதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மண்டகப்பட்டுக் கோவில் முன்பக்கம் திறந்தது. அதனால் ஒலியில் பெரும் பங்கு வெளியே ஓடிவிடும். அந்த வாசலையும் அடைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

எண்ணிப் பார்ப்பானேன்? நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் பல அப்படித்தான் இருக்கின்றன. தரையில் வழவழப்பான கல். சுவரில் பளபளக்கும் டைல்ஸ். ஜன்னலில் கண்ணாடி. பார்க்க அழகுதான். ஆனால் புரோகிதர் சொல்லும் மந்திரம் மாப்பிள்ளைக்கே புரிவதில்லை!

ராத்திரியில் மெத்தை சுமந்த பேராசிரியர்

இந்த முழக்கத்தை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஓர் அமெரிக்க இளைஞர். பெயர் வாலஸ் சாபின். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆசிரியர்.

1895-ம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு காட்சிசாலை கட்டியிருந்தார்கள். அதில் ஒரு சொற்பொழிவு மண்டபம். கட்டடம் அருமை. ஆனால் பேச்சு மட்டும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் அது அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் பேசுகிறவர் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பேசிவிடுவார். எல்லாம் ஒன்றாய்க் கலந்து கூழாகிவிடும்.

"இதற்கு ஒரு வழி பாருங்கள்" என்று பல்கலைக்கழகத் தலைவர் சாபினிடம் சொன்னார். அப்போது அவருக்கு வயது 27.

பகலில் வண்டிச் சத்தம். ஆகவே அவர் இரவில் வேலை செய்தார். வேறொரு நாடக மண்டபத்தில் இருந்த ஆசன மெத்தைகளை ஆட்களை விட்டுத் தூக்கி வரச் செய்தார். ஒரு குழலை ஊதி நிறுத்துவார். முழக்கம் அடங்க எத்தனை வினாடி என்று கடிகாரத்தில் பார்ப்பார். பிறகு சில மெத்தைகளைப் பரப்புவார். மறுபடி ஊதுவார். பொழுது விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். பாவம், அந்த ஆட்கள்!

இதில் ஒரு வேடிக்கை. தாம் போட்டிருந்த உடுப்பும் ஒலியைக் குடிக்கிறது என்று அவர் நடுவழியில் கண்டுபிடித்தார். அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரே உடுப்பைப் போட்டுக் கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

கடைசியில் ஒரு கணக்கு கிடைத்தது. மண்டபத்தின் கன அளவை எடுத்துக் கொள்ளுங்கள். அதை 0.161 ஆல் பெருக்குங்கள். உள்ளே எத்தனை சதுர மீட்டர் அளவுக்கு ஒலியைக் குடிக்கும் பரப்பு இருக்கிறதோ, அதனால் வகுங்கள். முழக்கம் அடங்கும் நேரம் வினாடியில் வந்துவிடும்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம் 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்று வையுங்கள். கன அளவு 2,700. காலியாக இருக்கும்போது குடிக்கும் பரப்பு 100 சதுர மீட்டர் என்றால், முழக்கம் 4 வினாடிக்கு மேல் நிற்கும். முகூர்த்த வேளையில் 500 பேர் வந்து உட்காருகிறார்கள். ஆளுக்குச் சுமார் அரை சதுர மீட்டர் வீதம் 250 சேருகிறது. முழக்கம் ஒன்றேகால் வினாடியாகக் குறைந்துவிடும்!

விடியற்காலையில் காலி மண்டபத்தில் "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" சொல்லிச் சரிபார்த்த மைக் செட், ஏழரை மணிக்கு வேறு மாதிரி ஒலிப்பதன் ரகசியம் இதுதான். மைக் செட்காரர் மேல் குற்றம் இல்லை. மாமன் மச்சான்கள் வந்து உட்கார்ந்து ஒலியைக் குடித்துவிட்டார்கள்.

குளியலறையில் பாட்டு

பேச்சுக்கு முழக்கம் பகை. பாட்டுக்கோ அது உறவு. குளியலறையில் பாடினால் யாருக்கும் தன் குரல் இனிக்கிறது அல்லவா? ஈரச் சுவரும் கல் தரையும் செய்யும் உபகாரம் அது.

1947-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பில் பட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஒரு மௌத் ஆர்கன் கோஷ்டியின் இசையைப் பதிவு செய்தார். அதற்கு முழக்கம் சேர்க்க அவர் பயன்படுத்தியது ஒரு குளியலறையைத்தான்! உள்ளே ஒலிபெருக்கியை வைத்து இசையை விட்டார். சுவர்களில் மோதி வந்த முழக்கத்தை ஒரு மைக்கில் பிடித்துக் கொண்டார். அந்த இசைத்தட்டு அமோகமாக விற்றது.

எல்லா ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் குளியலறை தேடிக் கொண்டிருக்க முடியுமா? 1957-ல் ஜெர்மனியில் ஒரு கருவி வந்தது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள மெல்லிய எஃகுத் தகடு. அதை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பாட்டை அந்தத் தகட்டில் அதிரவிட்டால் தகடு முழங்கும். முழக்கத்தைக் குறைக்க வேண்டுமா? பக்கத்தில் ஒலியைக் குடிக்கும் மற்றொரு பலகை உண்டு. சக்கரத்தைச் சுற்றினால் அந்தப் பலகை தகட்டின் அருகே நகர்ந்து வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பலகைக்கு எடை உண்டு. எவ்வளவு அவசரக்காரர் சுற்றினாலும் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவாது. வழியில் உள்ள ஒவ்வோர் இடத்தையும் தொட்டுக் கொண்டுதான் நகரும். அதனால் முழக்கமும் வழுக்கிக் கொண்டே ஏறி, வழுக்கிக் கொண்டே இறங்கியது. ‘பட்’ என்று வெடிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் வரும் எண்ணுக்கு எடை கிடையாது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணால் கட்டிய குகை

சுவரும் இல்லாமல், தகடும் இல்லாமல், வெறும் கணக்கினாலேயே முழக்கத்தை உண்டாக்க முடியுமா? "முடியும்" என்றார் மான்ஃபிரெட் ஷ்ரோடர். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். 1961, 1962-ம் ஆண்டுகளில் அதற்கு வழி சொல்லிக் கட்டுரைகள் எழுதினார்.

அவர் சொன்ன வழி குழந்தைகளுக்கும் புரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வட்டமாக நின்று காதோடு காதாகச் செய்தி சொல்லும் விளையாட்டு உண்டல்லவா? ஒரு சொல் வட்டத்தைச் சுற்றி வந்து முதல் பிள்ளையிடமே சேரும். ஒவ்வொரு சுற்றிலும் குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அப்படி நாலு வட்டங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு. ஒரு சுற்றுக்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் 30 பங்கு முதல் 45 பங்கு வரை ஆகும். நாலின் ஒலியையும் சேர்த்து, இன்னும் இரண்டு சிறு வட்டங்களில் விட்டுக் குழைக்கிறார். வினாடிக்குச் சுமார் ஆயிரம் எதிரொலி உண்டானால் காது ஏமாந்து, ‘இது ஒரு பெரிய மண்டபம்’ என்று நம்பிவிடும்.

இன்றைக்குக் கைக்கு அடக்கமான கருவிகளிலும், செல்போனிலும்கூட ஓடும் முழக்கக் கணக்குகள் பலவற்றுக்கு இதுவே தாய். 2000-ம் ஆண்டில் ஒருவர் எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாக விட்ட ‘ஃப்ரீவெர்ப்’ என்ற கணக்கில் வட்டங்கள் எட்டாகவும், சிறு வட்டங்கள் நாலாகவும் பெருகியிருக்கின்றன. வேறு பெரிய மாற்றம் இல்லை.

படம் போட்டால் பாட்டு!

அந்தக் கணக்கையெல்லாம் எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அது சங்கீதக்காரர்களுக்கு வேப்பங்காய்.

பிரான்சின் தலைநகர் பாரிசில் ‘இர்காம்’ என்ற இசை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1978-ல் ஓர் அதிசய அரங்கம் திறந்தார்கள். அதன் சுவர்களில் முப்பட்டைத் தூண்கள். ஒரு பட்டை ஒலியைக் குடிக்கும். ஒரு பட்டை திருப்பி அனுப்பும். இன்னொரு பட்டை சிதறடிக்கும். தூண்களைத் திருப்பினால், அதே அரங்கத்தில் முழக்கம் அரை வினாடிக்கும் குறைவிலிருந்து 4 வினாடி வரை மாறும்!

சுவரைத் திருப்பிய அதே நிலையத்தில்தான், 1980-களின் நடுவில் மில்லர் பக்கெட் என்ற அமெரிக்கர் ‘மாக்ஸ்’ என்ற புது முறையை உருவாக்கினார். 1957-லேயே கம்ப்யூட்டரை இசைக்க வைத்த பெல் ஆராய்ச்சிச் சாலை விஞ்ஞானி மாக்ஸ் மாத்யூஸ் நினைவாக வைத்த பெயர் அது. இந்த முறையில் எழுத வேண்டியது சொற்பம். திரையில் சிறு சிறு கட்டங்கள் போட வேண்டும். ஒரு கட்டம் மைக். ஒரு கட்டம் முழக்கம். ஒரு கட்டம் ஒலிபெருக்கி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால், அந்தக் கோடு வழியே ஒலி ஓடும். மைக் செட்காரர் ஒயர் மாட்டுகிறாரே, அதே வேலைதான். ஒயர் மட்டும் திரையில் இருக்கிறது.

1996 வாக்கில் பக்கெட் கலிபோர்னியாவில் இருந்தபோது இதற்கு ஒரு தம்பியை உண்டாக்கினார். பெயர் ‘பியூர் டேட்டா’. காசு வேண்டாம். யாரும் இறக்கிக் கொள்ளலாம். பெரிய கம்ப்யூட்டரும் தேவை இல்லை. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 2011 முதல் அரசு இலவசமாகக் கொடுத்ததே மடிக் கணினி, அந்த வகைக் கருவியே போதும்.

அதில் ‘ரெவ்’ என்ற பெயரில் ஆயத்த முழக்கக் கட்டங்கள் உண்டு. ஒன்றில், முழக்கம் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று 0 முதல் 100 வரை எண் கொடுக்க வேண்டும். 80 என்றால் குறுகிய முழக்கம். 90 என்றால் நீளம். 100 என்றால் அடங்கவே அடங்காது!

‘கரகர’ எங்கிருந்து வருகிறது?

இப்போது மைக் செட் பையனின் கதைக்கு வருவோம்.

பழைய மிக்சரில் குமிழைத் திருப்பினால் ‘கரகர’ என்று சத்தம் வருவது உண்டு. உள்ளே தூசி. துடைத்தால் போய்விடும். கம்ப்யூட்டரில் தூசி இல்லை. ஆனாலும் ‘கரகர’ வருகிறது. பையின் ‘ஜிப்’பை இழுப்பது போன்ற சத்தம்.

காரணம் இது. திரையில் ஒரு குமிழ் வரைகிறோம். அதற்கு 0 முதல் 127 வரை 128 படிகள். கையால் நகர்த்தினால் எண் 60, 61, 62 என்று படிப்படியாகத் தாவுகிறது. 60-க்கும் 61-க்கும் நடுவே ஒன்றும் இல்லை. ஒலியோ ஆறு மாதிரி ஓடுவது. வினாடிக்கு 44,100 புள்ளிகளாக அது கணக்கிடப்படுகிறது. ஓடும் ஆற்றின் நடுவே அடிக்கடி படிக்கட்டு வைத்தால் சலசலக்காதா? அந்தச் சலசலப்புதான் ‘கரகர’. ஒரேயடியாக 127-லிருந்து 0-க்குத் தாவினால், அது படிக்கட்டு அல்ல, அருவி! ‘பட்’ என்று வெடிக்கிறது.

மருந்து என்ன? எண்ணுக்கு எடை கொடுக்க வேண்டும்.

பியூர் டேட்டாவில் ‘லைன்’ என்று ஒரு கட்டம் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒரு நெளிகோடு போட்டிருப்பார்கள். அதனிடம் இரண்டு எண் சொல்ல வேண்டும். எங்கே போக வேண்டும்? எவ்வளவு நேரத்தில் போக வேண்டும்? அவ்வளவுதான். விழுப்புரத்தில் ஏறினால் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று வழியில் உள்ள ஊரையெல்லாம் தொட்டுத் திண்டிவனம் போகும் டவுன் பஸ்ஸைப் போல, அது நடுவில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் தொட்டுக் கொண்டு போகும். ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் போதும். அதற்குள் 2,205 சிறு படிகள். அவ்வளவு சிறிய படியில் காது தடுக்கி விழாது.

நேரத்தை மிகவும் நீட்டினாலும் தப்பு. ஐந்து வினாடி கொடுத்தால் கை ஒரு பக்கம் போகும்; முழக்கம் எருமை மாடு மாதிரி பின்னால் அசைந்து வரும்.

குமிழ் சொல்லும் பொய்

வழுக்கலாக மாற்றினால் மட்டும் போதாது. குமிழில் எழுதியிருக்கும் எண்ணும் நியாயமாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் வட்டத்தை மறுபடி எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு, வினாடியின் ஆயிரத்தில் 40 பங்கு ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி பத்தில் எட்டுப் பங்காகக் குறைந்தால், முழக்கம் ஆயிரத்தில் ஒன்றாகத் தேய்வதற்கு ஒன்றேகால் வினாடி போதும். பத்தில் ஒன்பது பங்கு என்றால் 2.6 வினாடி. நூற்றில் 95 பங்கு என்றால் 5.4 வினாடி. நூற்றில் 99 பங்கு என்றால்? 27 வினாடி!

குமிழை 80-லிருந்து 90-க்குத் திருப்பியபோது ஒன்றரை வினாடிகூட ஏறவில்லை. 95-லிருந்து 99-க்கு ஒரு மயிரிழை திருப்பினால் 22 வினாடி ஏறிவிடுகிறது. நூறைத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி பெருகும். ஒலிபெருக்கி ஊளையிடும். கை எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் இந்தக் குமிழ் மெதுவாக நடக்காது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் குமிழில் ‘வினாடி’ என்றே எழுதி வைப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று வினாடி என்று திருப்பினால், உள்ளே எத்தனை பங்கு என்பதைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொள்ளும். பல கருவிகளில் இதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அது சோம்பல்தான்.

இன்னொரு குமிழ் ‘அறையின் அளவு’. இதைப் பாட்டின் நடுவில் தொடவே கூடாது. அறை சட்டென்று பெரிதானால், அதற்குள் சுற்றிக் கொண்டிருக்கும் ஒலியும் இழுபடும். நாடா தேய்ந்த காசெட் மாதிரி சுருதி வழுக்கும். சின்ன மண்டபத்திலிருந்து பெரிய மண்டபத்துக்கு மாற வேண்டுமா? திரையில் இரண்டு மண்டபங்களையும் கட்டி வைத்துக் கொண்டு, ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்ற வேண்டும். நடுவழியில் இரண்டும் பாதிப் பாதி இருந்தால் ஒலி சோர்ந்து கேட்கும். ஒவ்வொன்றும் 0.7 அளவில் இருந்தால் சோர்வு தெரியாது.

குழாயை மூடு, வாளியைக் கவிழ்க்காதே

பையன் செய்த பிழை, வேகமாகத் திருப்பியது மட்டும் அல்ல. திருப்பிய குமிழே வேறு.

முழக்கத்துக்கு இரண்டு வாசல் உண்டு. மைக்கிலிருந்து ஒலி உள்ளே போவது ஒரு வாசல். முழங்கிய ஒலி வெளியே வருவது மற்றொரு வாசல். பையன் வெளி வாசலை அடைத்தான். பாட்டின் கடைசி முழக்கம் கழுத்தை நெரித்தது போல் அறுந்தது.

உள் வாசலை அடைத்திருந்தால்? புதிய ஒலி எதுவும் உள்ளே போகாது. ஏற்கெனவே உள்ளே இருப்பது தானாக முழங்கி, தானாகத் தேய்ந்து, தானாக அடங்கும். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, வாளியில் உள்ளதை மெல்ல வடியவிடுவது போல.

திரையில் இதை அமைக்க ஆறேழு கட்டங்கள் போதும். மைக் கட்டத்திலிருந்து ஒரு கோடு நேராக ஒலிபெருக்கிக் கட்டத்துக்கு. இன்னொரு கோடு ‘லைன்’ காவல் காக்கும் வாசல் வழியாக முழக்கக் கட்டத்துக்கு. அங்கிருந்து ஒலிபெருக்கிக்கு. ஒரு பட்டனில் ‘பாட்டு’ என்றும், இன்னொன்றில் ‘பேச்சு’ என்றும் எழுதிக் கொள்ளலாம். ‘பேச்சு’ பட்டனை அழுத்தினால், வாசல் அரை வினாடியில் வழுக்கிக் கொண்டே மூடும். முதலில் செய்து பார்க்கிறவர்கள் ஒலியை மிகவும் தாழ்த்தி வைத்துக் கொள்வது நல்லது. மைக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று பார்த்தால் கூச்சல் கிளம்பிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கம்ப்யூட்டர் கைவிரித்துவிடும். ஊர் முழுக்கக் குழாய் கட்டியிருக்கிறார்கள். மேடைக் குழாய்க்கும் தெருக்கோடிக் குழாய்க்கும் 170 மீட்டர் இடைவெளி என்றால், மேடைக்கு அருகே நிற்பவருக்குத் தெருக்கோடிக் குரல் அரை வினாடி கழித்துத்தான் வந்து சேரும். இது சுவரும் இல்லாத, கணக்கும் இல்லாத எதிரொலி. எந்தக் குமிழைத் திருப்பினாலும் போகாது. அறிவிப்பவர்தான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும்.

சரி, மறுபடி அந்த ஆடி மாத இரவு.

பாட்டு நிற்கிறது. பெரியவர் மேடைப் படியில் கால் வைக்கிறார். பையன் ‘பேச்சு’ பட்டனைத் தொடுகிறான். வெடி இல்லை; ‘கரகர’ இல்லை. பாடகரின் கடைசி ஸ்வரம் மட்டும் இரண்டரை வினாடி காற்றில் நின்று கரைகிறது. அதற்குள் பெரியவர் தொண்டையைக் கனைத்துக் கொள்கிறார். பிறகு பச்சைச் சட்டைப் பையனின் பெயரைச் சொல்கிறார்.

மறு கோடியில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக் கொண்டு ஓடி வருகிறாள்.